லினக்ஸை அழிக்காதீங்க, சுருக்குங்க

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டுமே இருந்தன. பாஸ் நம் நாட்டு சி-டாக் உருவாக்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் படித்து முடித்ததும் அப்படி ஒன்றை எனக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது.

"சி டிரைவ் நிறைஞ்சுட்டா லினக்ஸை அழிச்சுடுடா" என்றான் ஒரு நண்பன். அழித்தேன். மறுநாள் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ'. விண்டோஸும் வரலை! எதைத் திறக்க என்று கேட்கிற கிரப்பின் ஃபைல்கள் லினக்ஸ் பகுதியில்தான் இருந்தன. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கேட்டது ஒன்றுதான்: "சரி பண்ண எவ்ளோ ஆகும்?"

முதலில் ஃபைல்களை பென்டிரைவில் காப்பி எடுங்கள். பிறகு ஜிபார்ட்டட் போட்டு லினக்ஸைச் சுருக்கி, அடுத்திருக்கும் விண்டோஸுக்கு இடம் கொடுங்கள். முன்பக்கம் சுருக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் நகரணும், மணிக்கணக்கில் ஆகும். நடுவில் நின்றால் டேட்டா போச்சு. பழைய பேட்டரியை நம்பாதீங்க. கரன்ட் தயாரிக்கிற நெய்வேலியிலும் கரன்ட் போகும்!

ஓசியில் வந்தது என்று லினக்ஸை இளக்காரமாகப் பார்ப்பது தப்பு. சி புரோகிராமுக்கு ஜிசிசியும் அதில் ஓசிதான். நான் இப்போ ரெக்கார்டு புரோகிராம் எல்லாம் அதில்தான் போடுகிறேன்.