மனநோய்க்கும் வேண்டும் சமமான காப்புறுதி

போர், 2004 ஆழிப்பேரலை, 2019இல் சீயோன் தேவாலயத் தாக்குதல் என மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் சுமந்த துயரங்கள் உடலோடு மனத்தையும் காயப்படுத்தின. ஆனால் இலங்கையின் 1873ஆம் ஆண்டு மனநோய்க் கட்டளைச் சட்டம் நோயாளரைத் தடுத்துவைப்பதையே பெரிதும் பேசுகிறது. காப்புறுதியில் சம உரிமையைப் பேசவில்லை. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவோ, உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்புறுதி வழங்கக் கட்டளையிடுகிறது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தானே, காப்புறுதி எதற்கு என்று கேட்கலாம். இதயநோய்க்கும் அங்கே இலவசச் சிகிச்சைதான். அதற்காக இதயநோயைக் காப்புறுதியிலிருந்து நீக்கச் சொல்வோமா? கட்டணம் உயரும் என்ற அச்சமும் உண்டு. செலவைப் பலர் பகிர்வதே காப்புறுதியின் அடிப்படை. தொடக்கத்திலேயே கிடைக்கும் சிகிச்சை, பின்னாளின் பெருஞ்செலவைக் குறைக்கவும் உதவும். பாராளுமன்றம் இச்சமத்துவத்தைச் சட்டமாக்க வேண்டும்.