கார்கிவ் மேயரும் தகரச் சேவலும்

கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. பிரெஞ்சில் அவரை 'ழிருவெத்' என்பார்கள். கூரை உச்சியில் நின்றுகொண்டு காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்புமே, அந்தத் தகரச் சேவல். நெப்போலியன் போய் மன்னர் வந்து, மறுபடி நெப்போலியன் வந்து, மறுபடி மன்னர் வந்த 1815ஆம் ஆண்டில், ஒவ்வொரு முறையும் நிறம் மாற்றியவர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, பாரிசில் ஓர் அகராதியே போட்டார்கள். பள்ளி நாளில் கற்ற இந்தச் சொல், உக்ரைனின் கார்கிவ் நகர மேயராக இருந்த ஹென்னாடி கெர்னெஸைப் பற்றிப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது. ஆனால் அவரை அந்த அகராதியில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

கார்கிவ், உக்ரைனின் இரண்டாவது பெரிய நகரம். 2021இல் மக்கள்தொகை சுமார் 14 லட்சம். ரஷ்ய எல்லை ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 2010இல் கெர்னெஸ் அங்கே மேயரானபோது வெற்றி வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. தோற்றவர் அர்சென் அவாகோவ். கெர்னெஸ், அதிபர் யானுகோவிச்சின் கட்சிக்காரர். கீவ் நகரின் மைதானில் மக்கள் திரண்டபோது அந்தப் போராட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

2014 பிப்ரவரி 22 அன்று நாடாளுமன்றம் யானுகோவிச்சைப் பதவியிலிருந்து நீக்கியது. புதிய அரசில் உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? கெர்னெஸிடம் தோற்ற அதே அவாகோவ்! அடுத்த மாதமே கெர்னெஸ் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஏப்ரலில் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கார்கிவ் மூன்றிலும் ரஷ்ய ஆதரவாளர்கள் அரசுக் கட்டடங்களைப் பிடித்தார்கள். முதல் இரண்டு நகரங்களும் கைவிட்டுப் போயின. கார்கிவ் நின்றது. கட்டடத்தை மீட்டது அரசின் சிறப்புப் படைதான். மேயர்தான் ஊரைக் காப்பாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய தலைவருக்காக ஊரைப் பிளக்க அவர் துணை போகவில்லை. கார்கிவ் உக்ரைனோடுதான் என்ற பக்கம் வந்துவிட்டார். ஏப்ரல் 28 அன்று யாரோ அவரை முதுகில் சுட்டார்கள். இஸ்ரேலில் சிகிச்சை பெற்று, ஜூனில் ஊர் திரும்பினார். அதன்பின் சக்கர நாற்காலியில்தான் நகராட்சி.

ஆட்சி மாறினால் அலுவலகச் சுவரில் படம் மாறும். ஆனால் குழாயில் தண்ணீர் வரவேண்டும், குப்பை அள்ளவேண்டும், டிராம் ஓடவேண்டும். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த என் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. அமைச்சர் மாறினால் தலைநகரை விட்டுப் போய்விடலாம். மேயர் அதே தெருவில் அதே மக்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பதவிக்காகத் திரும்புவது ஒன்று. ஊர் உடையக் கூடாது என்று திரும்புவது வேறு. கெர்னெஸிடம் இரண்டும் கலந்திருக்கலாம். கலப்படமில்லாத மனிதர்களை மட்டும் வைத்து எந்த ஊரும் நடந்ததில்லை.

முழுக்கவும் அவர் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2019இல் சோவியத் தளபதி ஜுகோவின் மார்பளவுச் சிலையை எதிர்ப்பாளர்கள் தள்ளினார்கள். நகராட்சி அதை மறுபடி நிறுத்தியது. தகரச் சேவல் இப்படிக் காற்றை எதிர்த்து நிற்காது.

மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 2015இல் 65 சதவீதத்துக்கு மேல் வாக்கு. 2020 அக்டோபரில், கொரோனாவோடு பெர்லின் மருத்துவமனையில் கிடந்தபோதும் முதல் சுற்றிலேயே வெற்றி. டிசம்பர் 17 அன்று அங்கேயே இறந்தார். வயது 61.

என் மனம் ஒப்பாதது ஒன்றுதான். மைதான் போராட்டக்காரர் இருவரைக் கடத்திச் சித்திரவதை செய்ததாக அவர்மீது வழக்கு இருந்தது. அவர் மறுத்தார். அரசு வழக்கறிஞர்கள் தொடர்ந்து ஆஜராகாததால் 2018 ஆகஸ்டில் பொல்தாவா நீதிமன்றம் வழக்கை மூடியது. குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்ப்பில்லாமலே அவர் போய்ச் சேர்ந்தார். புகார் கொடுத்த இருவருக்கும் பதில் கிடைக்கவில்லை. அவருக்கும் களங்கம் நீங்கவில்லை. வாக்குப்பெட்டி, நீதிமன்றத்தின் வேலையைச் செய்ய முடியாது.

2022இல் ரஷ்யக் குண்டுகள் விழுந்தபோது கார்கிவ் மக்கள் மெட்ரோ நிலையங்களில் தங்கினார்கள், நகரம் பணியவில்லை. 2014இல் அந்த மேயர் வேறு பக்கம் திரும்பியிருந்தால்? அவர் திரும்பியதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வழக்குக்குத் தீர்ப்பு வராமல் போனதைத்தான் குறை சொல்வேன்.