எல்லையில் ஒரு கடை, இரண்டு மொழி விளம்பரம்: பலராமபுரம் கைத்தறி தரும் பாடம் என்ன?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. வீடு பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை பக்கம். குடும்பத்துக்கு ஒரு சின்னத் துணிக்கடை. உங்க நிலைமை இதுதான் என்றால், "நீதான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறியே, கடைக்கு ஒரு விளம்பரம் போட்டுக் கொடு" என்று வீட்டில் கட்டாயம் கேட்டிருப்பாங்க. 'பூஸ்ட்' பட்டனை அழுத்துவது எளிது. ஆனால் யாருக்கு, எந்த மொழியில், எதைச் சொல்வது?

யாருக்கு?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் அன்றைய மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மாறினாலும் சந்தை பிரியவில்லை. ஃபேஸ்புக் விளம்பரத்தில் பாறசாலையை மையமாக வைத்து 15 கி.மீ. வட்டம் போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை, மறுபக்கம் களியக்காவிளை, மார்த்தாண்டம். எல்லைக்கு அப்பால் மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய பேர். மலையாளத்தில் மட்டும் விளம்பரம் போட்டால், அவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே பட்ஜெட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு மொழியிலும் தனித்தனி விளம்பரம் போடுங்க.

எதைச் சொல்வது?

தள்ளுபடியை எல்லாரும் சொல்வாங்க. உங்ககிட்ட மட்டும் இருப்பதைச் சொல்லுங்க. நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள பலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு உண்டு. திருவிதாங்கூர் மன்னர் பலராம வர்மா காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவாளர்கள்தான் இந்தத் தொழிலை இங்கே வேரூன்ற வைத்தார்கள். மார்த்தாண்டத்து வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து, கையால் நாடா எறிந்து நெய்வதை 20 விநாடி வீடியோ எடுங்க. பின்னணிப் பாட்டு வேண்டாம், தறிச் சத்தமே போதும். கசவுக் கரையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்க. நல்ல பலராமபுரம் துணியில் இரண்டும் ஒரேபோல இருக்கும். கைத்தறி முத்திரை உள்ள துணி என்றால் அதையும் காட்டுங்க.

எப்போது?

கடைக்கு இங்கே இரண்டு காலண்டர். ஓணமும் விஷுவும் ஒரு பக்கம், பொங்கலும் தீபாவளியும் மறுபக்கம். கேரளத்தின் கர்க்கடகமும் தமிழ்நாட்டின் ஆடியும் ஒரே சமயத்தில் வரும். இரண்டிலும் கல்யாணங்கள் குறைவு. ஆனால் அப்போதுதான் ஓணத்துக்காகத் தறிகள் மும்முரமாக ஓடும். வீடியோவை அப்போதே எடுத்து வைத்தால், சிங்ஙம் பிறந்ததும் பதற வேண்டியதில்லை.

எங்கே?

கூகுள் மேப்பில் கடைப் பக்கம் இலவசம். பெயரைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் தேடினால் கிடைக்கிற மாதிரி விவரம் கொடுங்க. வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு கேட்டலாக் வைக்கலாம்.

பேனர்? கேரள அரசு 2019-ல் விளம்பரங்களுக்கு பிவிசி ஃப்ளெக்ஸைத் தடை செய்தது. கைத்தறிக் கடைக்கு அது நஷ்டமே இல்லை. உங்க துணியிலேயே பேனர் எழுதித் தொங்கவிடுங்க. அனுமதி உள்ள இடத்தில் மட்டும்.

எதைச் செய்யக் கூடாது?

விசைத்தறித் துணியைக் 'கைத்தறி' என்று எழுதாதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அதைவிடப் பெரிய இழப்பு தறியில் இருப்பவருக்கு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துணியில் விலை குறைந்ததைத்தான் வாங்குபவர் எடுப்பார். வித்தியாசத்தை யாராவது சொன்னால்தான் கைத்தறிக்குக் கூடுதல் விலை கிடைக்கும், நெசவாளருக்குக் கூலியும் தொடரும். அதைச் சொல்கிற வேலைதான் உங்க விளம்பரத்துக்கு.