சத்தம் எங்கிருந்து வருகிறது?



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று வகுப்பில் கேட்டார்கள். "சைக்கிளில் வரும் கிரீச் சத்தம் பற்றி" என்றேன். ஒரே சிரிப்பு! ராக்கெட், ரோபோ என்று எழுதினால்தான் டிப்ளமோ மாணவனுக்கு மரியாதை போலிருக்கிறது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் சைக்கிளில் வருகிறவர்கள். அந்தச் சைக்கிள்களில் பாதி, கேட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைகின்றன. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பாலிடெக்னிக் 9 கிலோமீட்டர். மூன்றாவது செமஸ்டரில் அப்பா எனக்கு ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மலை ஏறும் சைக்கிள் என்று சொல்வார்களே, அந்த எம்.டி.பி. வகை. எங்கள் ஊரில் மலை கிடையாது, ரயில்வே மேம்பாலம்தான் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் அது கத்த ஆரம்பித்தது. வலது காலை அழுத்தினால் ஒரு 'கிரீச்', இடது காலை அழுத்தினால் ஒரு 'கிரீச்'.

அப்பா செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, மிஷின் படிப்புதானே படிக்கிற? இது எங்கேருந்து கத்துதுன்னு சொல்லு பாப்போம்."

நானும் யோசிக்காமல், "பி.பி. போயிடுச்சுப்பா" என்றேன். மிதிக்கும்போது சத்தம் வருகிறது, மிதிக்கிற இடத்தில் இருப்பது பி.பி., ஆகவே பி.பி.தான். எவ்வளவு சுலபமான தர்க்கம்! கடையில் மாற்றினேன், கூலியோடு 450 ரூபாய். மறுநாள் மேம்பாலத்தில் அதே கிரீச். சரி, பெடலாக இருக்கும் என்று இரண்டு பெடலையும் மாற்றினேன், 200 ரூபாய். அப்போதும் அதே கிரீச். அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் வந்தார். இறங்கியதும் சொன்னார்: "டேய், உக்காந்து மிதிச்சா கத்துது. பாலத்துல எந்திரிச்சு நின்னு மிதிச்சேன், கத்தல."

எனக்குப் பளீர் என்றது. நின்று மிதிக்கும்போது பெடலில் பாரம் கூடுகிறது. பெடலோ பி.பி.யோ காரணமென்றால் சத்தமும் கூடியிருக்க வேண்டும். அது நின்றுபோகிறது என்றால் காரணம் சீட்டுப் பக்கம்தான்! சீட் பில்லரை உருவிப் பார்த்தேன். உள்ளே துருவும் மணலும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரல் நுனி அளவு கிரீஸ் தடவி, கிளாம்ப்பை இறுக்கினேன். சத்தம் போயே போய்விட்டது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தேவையில்லாமல் போனது 650 ரூபாய்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா செய்தது ஒரு பரிசோதனை, நான் செய்தது ஒரு ஊகம். டிப்ளமோ படிப்பது யார்?

நாம் படிக்கும் முறை

நமது புத்தகங்களில் பழுது, காரணம், நிவர்த்தி என்று மூன்று கட்டங்கள் போட்ட அட்டவணை இருக்கும். மனப்பாடம் செய்து எழுதினால் முழு மார்க் கிடைக்கும். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு பழுதுக்குப் பத்துக் காரணம் இருந்தால், எதை முதலில் பார்ப்பது, எதை எப்படி விலக்குவது என்று அந்த அட்டவணை சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. காரணங்களை அடுக்குவது வேறு, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்து. பின்னதைக் கற்றுக்கொள்ள சைக்கிளை விட மலிவான லேப் கிடையாது.

கிரீச் சத்தம் என்றால் என்ன? உராய்வுப் பாடத்தில் படித்ததுதான். ஒட்டி நிற்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்த பிறகு நகர்த்திக்கொண்டிருக்கத் தேவைப்படும் விசையைவிட அதிகம். அதனால் காய்ந்துபோன, லூசான ஒரு இணைப்பு அழுத்தும்போது ஒட்டிக்கொள்ளும், சட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டி வழுக்குவதுதான் சத்தம். வயலின் கம்பியில் வில் போடுவதும் இதே வேலைதான், அது இனிக்கிறது, இது இனிக்கவில்லை! சைக்கிளின் குழாய்கள் உள்ளே காலியானவை. சத்தம் அவற்றின் வழியே ஓடிவிடும். அதனால்தான் சீட்டின் சத்தம் பி.பி.யிலிருந்து வருவது போல நம் காதை ஏமாற்றுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் இப்போது பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். காசு செலவாகாத சோதனை முதலில், ஸ்பேனர் அப்புறம், புது பார்ட் கடைசியில்.

ஒன்று. ஓடும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தம் தொடர்ந்தால் அது சக்கரப் பக்கம்: ஹப், போக்ஸ் கம்பி, ரிம்மில் உரசும் பிரேக் கட்டை, மட்கார்டு. நின்றுபோனால் பெடல், கிராங்க், பி.பி., செயின், சீட் இவற்றில் ஒன்று.

இரண்டு. எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் போனால் சீட் அல்லது சீட் பில்லர். போகாவிட்டால் மிதிக்கும் பாகங்கள், இல்லையென்றால் ஹேண்டில் பார். சைக்கிளை நிறுத்தி, மிதிக்காமல் ஹேண்டில் பாரை மட்டும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தால் அதன் சத்தம் தனியே தெரிந்துவிடும்.

மூன்று. எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வருகிறதா? கிராங்க் பக்கம் சந்தேகப்படலாம். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 3 சுற்று. அப்போது பெடல் ஒரு சுற்றுக்கு 3 தடவை 'டிக் டிக் டிக்' என்றால் பின்சக்கரம். செயினில் ஒரே ஒரு இணைப்பு இறுகிப்போயிருந்தால் கணக்கு வேறு. 112 இணைப்புள்ள செயின், 42 பல்லுள்ள முன்சக்கரம் என்றால் பெடல் 2.67 சுற்று சுற்றினால்தான் அந்த இணைப்பு பழைய இடத்துக்குத் திரும்பும். 'எப்பவாவது ஒரு டக்' என்று நாம் சொல்வது பல நேரம் இதுதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி என்னைப் போல் ஏமாறாதீர்கள். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் சீட்டில் நம் பாரமும் அசைகிறது!

நான்கு. இரண்டு கிராங்கையும் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பி.பி. பேரிங்கில் ஆட்டம். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் லூசு. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் இறுக்க வேண்டும்.

ஐந்து. செயினை ஸ்கேல் வைத்து அளங்கள். புதுச் செயினில் 24 பிட்ச் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் வரை விட்டுவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பு.

ஒரு எச்சரிக்கை. இடது பெடலுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்தவர்கள் நம் ஹாஸ்டலிலேயே உண்டு. இன்னொன்று, பிரேக் கத்துகிறது என்று ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் விட்டுவிடாதீர்கள். சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும்!

எந்தச் சோதனை செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சத்தம் போனால், எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

"கடையில் விட்டால் பார்த்துக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்லலாம். சைக்கிள் கடைக்காரரை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் கைத்திறன் நமக்கு வர வருஷங்கள் ஆகும். ஆனால் ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிளில் உங்கள் பாரம் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. அவர் எதைக் கேட்பார்? "சத்தம் வருது அண்ணே" என்று சொல்வதற்கும், "உக்காந்தா வருது, நின்னா வரல அண்ணே" என்று சொல்வதற்கும் நடுவில் என் 650 ரூபாய் இருக்கிறது. பி.பி. என்று சொன்னது நான், அவர் இல்லை.

காசு மட்டுமல்ல. லூசான கிராங்க்கை மிதித்துக்கொண்டே இருந்தால் அதன் ஓட்டை தேய்ந்து, அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஒருநாள் லாரிகளுக்கு நடுவே கழன்று விழும். வெல்டிங் பக்கத்தில் பெயிண்டில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால் அது பிரேம் விரிசலாக இருக்கலாம், அன்றே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். சத்தம் என்பது இயந்திரம் நமக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு. பழகிவிட்டது என்று விடுவது வீரம் ஆகாது.

இந்த மலைச் சைக்கிளின் வரலாறே இதைத்தான் சொல்கிறது. 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய தடிமன் டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். ஏன் தெரியுமா? ஒரு தடவை இறங்கினாலே பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். எது கெடுகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றியதில்தான் புது சைக்கிள் பிறந்தது. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே தனி பிரேம் செய்தார். 1903-ல் விமானம் விட்ட ரைட் சகோதரர்களும் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்தானே!

நமது மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெட்டி வையுங்கள். ஒரு ஆலன் கீ செட், 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், ஸ்டீல் ஸ்கேல், ஒரு டப்பா கிரீஸ், கொஞ்சம் பழைய துணி போதும். வாரம் ஒருநாள் சாயங்காலம் ஒரு மணி நேரம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது. முதல் வாரம் நானே வருகிறேன்.

போன மாதம் தங்கச்சிக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் 'டக் டக்' என்றது. அப்பா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. "நீ ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாப்பா, எப்ப வருதுன்னு கேளு" என்றேன். அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "இடது கால்ல மட்டும்தாண்டா" என்றார். இடது கிராங்க்தான். இறுக்கினோம்.

ஆகவே நண்பர்களே, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காதைக் கொடுங்கள்!



— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்