பியானோவுக்குப் பரீட்சை எதற்கு?

பியானோ கற்கும் பிள்ளை லண்டன் கிரேடு பரீட்சை எழுத வேண்டுமா? எழுதலாம், ஆனால் வருஷா வருஷம் வேண்டாம் என்பது என் கட்சி. பொம்மிடியில் பியானோவா என்று சிரிக்காதீர்கள். சேலத்துக்கு ரயிலேறிப் போய்க் கற்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் எங்கள் உறவிலேயே இருக்கிறாள். "மாமா, நீங்க ஆபீஸ்ல இருந்தவர், சர்டிபிகேட் மதிப்பு உங்களுக்குத் தெரியும்" என்றார் அவள் அப்பா.

தெரியும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்ற தாள் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்தது. பியானோ தாளுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகவே தாளை விட்டுவிட்டு, பரீட்சைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

1889-இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்கு மொத்தம் 150 மார்க். 100 எடுத்தால் பாஸ். தயார் செய்த மூன்று உருப்படிகளுக்கு 90. ஸ்கேலுக்கு 21, பார்த்த மாத்திரத்தில் நொட்டேஷன் வாசிக்க 21, காதால் கேட்டுச் சொல்ல 18. இந்த 60 மார்க்தான் எனக்குப் பிடித்த பகுதி. எந்தப் பிள்ளையும் தானாக உட்கார்ந்து இதைப் பழகாது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'தீக்தே' என்ற சொல்வதெழுதுதல் உண்டு. ஐந்து பிழை என்றால் சுழியம். அழுதுகொண்டே எழுதினோம், காது தீட்டப்பட்டது அங்கேதான்.

ஆபத்து அந்த 90-இல் இருக்கிறது. வருஷம் முழுக்க மூன்றே உருப்படியைத் தேய்த்து, கிரேடு ஏறி, நாலாவதாக ஒன்று வாசி என்றால் கைபிசையும் பிள்ளைகள் உண்டு. 2020-இல் வந்த வீடியோ தேர்வு நம் ஊர்க்காரர்களுக்கு வசதிதான், வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பலாம். ஆனால் அதில் வெறும் நாலு உருப்படி. ஸ்கேலும் இல்லை, புதிதாக வாசிப்பதும் இல்லை. கசப்பு மருந்தைக் கொட்டிவிட்டுச் சீசாவை வைத்துக்கொண்டது போல.

பரீட்சையே வேண்டாம் என்பவர்கள் ரவேலைக் காட்டுவார்கள். ரோம் பரிசுக்கு ஐந்து முறை முயன்று தோற்றவர். 1905-இல் முதல் சுற்றிலேயே தள்ளப்பட்டார். அது பெரிய ரகளையாகி, பாரிஸ் கன்சர்வத்துவார் தலைமையே மாறியது. உண்மைதான். ஆனால் அவர் பரிசில் தோற்றாரே தவிர, பாடம் படிக்காமல் விடவில்லை. நம் இளையராஜாவோ தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, டிரினிட்டி தேர்வும் எழுதியவர்.

அந்தப் பெண் வீட்டில் இருப்பது 61 கட்டைக் கீபோர்டு. பியானோவுக்கு 88 கட்டை, அழுத்தினால் விரலுக்குக் கனம் தெரிய வேண்டும். தேர்வுப் பணத்தை முதலில் அதற்குச் சேர்க்கச் சொன்னேன். பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, நேர்முகத் தேர்வு மட்டும். ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக வாரியம் ஏற்கும் வேறு தேர்வோ தேறாமல் அங்கே ஆறாம் கிரேடுக்குப் போக முடியாது. அந்தத் தியரியைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை வாரம் ஒரு புது உருப்படி, தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி.