பத்து ரூபாய் பாட்டிலா? வீட்டு ஐஸ் டீயா?

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரைத் தெரியாதவர்கள் கூட அந்த ஊர் மரச் சிற்பத்தைப் பார்த்திருப்பார்கள். பச்சைமலைப் பக்கத்து ஊர் அது. வாகை, வேம்பு, மாவிலங்கை என்று மரத்தைத் தேர்ந்தெடுத்து, சாமி சிலை செதுக்குகிறார்கள். அந்தச் சிற்பங்களுக்கு 2020-ல் மத்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உளி பிடிப்பவருக்கு நடுநடுவே டீ வேண்டும். கொதிக்கிற டீ! சித்திரை வெயிலாக இருந்தாலும் கவலை இல்லை. ஆவி பறக்க உறிஞ்சினால்தான் அவருக்குத் திருப்தி.

அவருடைய பையன் அப்படியா? பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெட்டிக்கடைக்குப் போகிறான். குளுகுளுவென்று ஏதாவது வேண்டும் அவனுக்கு. கடையில் ஐஸ் பெட்டி இருக்கிறது. அதற்குள் வண்ண வண்ணப் பாட்டில்கள். விலை 10 ரூபாய்தான்.

இந்தப் பத்து ரூபாய் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

விலை ஏன் ஏறவில்லை?

1977-ல் "கோக கோலா" இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடத்தைப் பிடித்த உள்நாட்டுப் பானங்களில் ஒன்று "காம்பா". 1993-ல் கோக கோலா திரும்பி வந்தது. காம்பா மங்கிப் போனது. 2023-ல் ரிலையன்ஸ் கம்பெனி அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. 200 மில்லி பாட்டில் 10 ரூபாய் என்று கடைக்குக் கடை இறக்கியது. போட்டி என்றால் சும்மாவா? மற்றப் பெரிய கம்பெனிகளும் 10 ரூபாய்க்குச் சிறிய பாட்டில்களைக் கொண்டு வந்தன. குளிர்பானம் பட்டணத்துக்காரர் பண்டமாக இருந்த காலம் போய்விட்டது. இப்போது அது பள்ளிப் பிள்ளையின் சட்டைப் பைக்கு எட்டுகிற பண்டம்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. வரி மாறியது. சர்க்கரை சேர்த்த சோடா பானங்களுக்கு 40 சதவீத வரி என்று செய்தி வந்தது. "அப்பாடா! இனி விலை ஏறும், பிள்ளைகள் வாங்க மாட்டார்கள்" என்று பல தாய்மார்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்பே 28 சதவீதம் வரி. அதோடு 12 சதவீதம் "செஸ்" என்ற கூடுதல் வரி. இரண்டையும் கூட்டினால் எவ்வளவு? அதே 40! பெயர் மாறியதே தவிர, பாரம் மாறவில்லை. அதனால் அந்த வரியை நம்பிப் பயன் இல்லை. தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி 5 சதவீதம்தான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பாட்டிலுக்கு மாற்று, அடுக்களையில் தேட வேண்டிய விஷயம்.

ஒரு பாட்டில், நாலு கரண்டி

இத்தகைய பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி பாட்டில் என்றால் 20 கிராம். அதாவது நாலு டீக்கரண்டி! வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி சர்க்கரையைப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். பாட்டிலில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம் என்கிறது, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அது பெரியவர்களுக்கான கணக்கு. சிறு பிள்ளைக்கு இன்னும் குறைவுதான். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. கல்வி வாரியம், பள்ளிகளில் "சர்க்கரைப் பலகை" வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டும் பலகை அது. நல்ல யோசனை. ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் ஒரு கரும்பலகையை ஒதுக்கலாம். காசா, பணமா?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் அந்த நோய்.

நம் தேயிலை, அவர்கள் டம்ளரில்

டீயைக் குளிர வைத்துக் குடிப்பதா என்று முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவில் குடிக்கப்படும் டீயில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஐஸ் டீதான்! அந்த நாட்டின் தென் மாநிலங்களில் அதைத் தித்திப்பாகப் போடுவார்கள். 1879-ல் வர்ஜீனியாவில் வந்த ஒரு சமையல் புத்தகத்திலேயே அதன் செய்முறை இருக்கிறது. 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்ய ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்ற வெள்ளைக்காரர் அங்கே போயிருந்தார். வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டவில்லை, அவர் ஐஸைப் போட்டார், கூட்டம் மொய்த்தது என்று ஒரு கதை உண்டு. ஐஸ் டீயைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ஆனால் அது பிரபலமாக அவரும் ஒரு காரணம்.

இதில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. சில தேயிலைகள் குளிர்ந்ததும் மோர் கலந்ததுபோல் கலங்கிவிடும். நீலகிரித் தேயிலை பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். அதனால் ஐஸ் டீக்கு நீலகிரித் தேயிலை என்றால் வெளிநாட்டு வியாபாரிகளிடம் தனி மதிப்பு. ஆனால் அதைப் பறிக்கிற சிறு விவசாயிக்கு அந்த மதிப்பு வந்து சேர்வதில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு, 2023-ல் நீலகிரியில் தொடர் உண்ணாவிரதம் நடந்தது.

சர்க்கரையோ, பக்கத்துச் சரக்கு. இதே மாவட்டத்து எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு இங்கே, ஆலை இங்கே. கம்பெனிப் பாட்டிலுக்குப் போகும் காசு எங்கே போகிறது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போடுவது எப்படி?

நாலு டம்ளருக்குச் சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து விட்டு, நாலு டீக்கரண்டி தேயிலையைப் போட்டு மூடுங்கள். தூள் டீ என்றால் மூன்று கரண்டி போதும். மூன்று, நாலு நிமிஷத்தில் வடிகட்டி விடுங்கள். டீக்கடை மாதிரி கொதிக்கக் கொதிக்க விட்டால் துவர்ப்பு ஏறும். துவர்ப்பை மறைக்கச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியிருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது!

சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைக்க வேண்டும். ஆறிய டீயில் போட்டால் லேசில் கரையாது, அடியில் தங்கிவிடும். "இனிப்பே இல்லை" என்று இன்னும் ஒரு கரண்டி போடுவீர்கள். நாலு டீக்கரண்டி மொத்தத்துக்கும் போதும். டம்ளருக்கு ஒன்று ஆயிற்று. பாட்டிலில் இருப்பதில் கால் பங்குதான். நாட்டுச் சர்க்கரை போட்டாலும் அதே அளவுதான். அதுவும் சர்க்கரையே.

பிறகு, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் அரை லிட்டர் சேருங்கள். முழுக்க ஆறியதும் ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கறுத்த டீ சட்டென்று பொன்னிறமாக மாறும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், வேடிக்கை பார்ப்பார்கள். இஞ்சி, புதினா அவரவர் இஷ்டம். நமக்கு இது ஒன்றும் அந்நியமான ருசி இல்லை. வெல்லமும் எலுமிச்சையும் சேர்ந்த பானகத்துக்கு இது தங்கை முறை.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், மூடிய பாத்திரத்தை ஈரத் துணி சுற்றி, மண்பானைத் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். ஐஸ் வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள். மீன் பெட்டிக்குப் போடும் கட்டி, குடிப்பதற்காகச் செய்தது அல்ல.

செலவு? சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 20 கிராமுக்கு ஒரு ரூபாய் ஆகவில்லை. தேயிலை கிலோ 300 என்றால் 10 கிராமுக்கு 3 ரூபாய். எலுமிச்சை 5 ரூபாய். நாலு டம்ளருக்கு 10 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பாட்டில் காசில் வீட்டில் நாலு பேர் குடிக்கலாம்!

யாருக்கு வேண்டாம்?

ஐஸ் டீ மருந்து அல்ல. டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு அதே குறை. ஆகவே சாப்பாட்டோடு டீ கூடாது, சூடோ, குளிரோ! ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு டீயே வேண்டாம். எலுமிச்சைச் சாறு போதும். பெரிய பிள்ளைகளுக்கு மேற்சொன்ன டிகாக்ஷனில் பாதி தண்ணீர் கலந்து, மாலையில் ஒரு டம்ளர். ராத்திரியில் கொடுத்தால் தூங்க மாட்டார்கள்.

தேயிலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைக்கும் வழக்கமும் வெளிநாட்டில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வளரும். போட்டதை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். சில சமயம் டீ கலங்கினால் பயப்பட வேண்டாம். கெட்டுப் போனதாக அர்த்தம் இல்லை. ஒரு கரண்டி கொதிநீர் விட்டுக் கலக்குங்கள், தெளிந்துவிடும்.