பாம்பு முட்டையை ஏன் திருப்பக் கூடாது? உள்ளே உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவில் 2020 ஜூலையில் ஒரு பால் பைத்தான் 7 முட்டைகள் இட்டது. அதற்கு வயது 60-க்கு மேல். குறைந்தது 15 ஆண்டுகளாக ஆண் பாம்பின் பக்கமே போனதில்லை. ஆனாலும் எல்லாமே கூமுட்டை என்று பூங்கா ஊழியர்கள் தூக்கிப் போடவில்லை. 3 முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தார்கள், 2 முட்டைகளை மரபணு சோதனைக்கு எடுத்தார்கள். மீதி இரண்டில் இருந்த குட்டிகள் பிழைக்கவில்லை. அதாவது, ஆண் துணை இல்லாமலேயே கரு உருவாகியிருந்தது!

அப்படியானால் எது நல்ல முட்டை, எது கெட்ட முட்டை? பார்க்கலாம்.

கோழி முட்டை மாதிரி இல்லை

கோழி முட்டையை அடிக்கடி திருப்பி வைக்கணும். பாம்பு முட்டையில் இது நேர்மாறு. இட்ட சில மணி நேரத்திலேயே கரு முட்டையின் மேல்பக்கச் சுவரோடு ஒட்டத் தொடங்கிவிடும். அதன் பிறகு புரட்டினால் கரு மூழ்கிச் சாகலாம். அதனால்தான் வளர்ப்பவர்கள் மேல்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டு, அதே நிலையில் நகர்த்துகிறார்கள்.

பால் பைத்தான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கணும். ஆனால் முட்டை மீது தண்ணீர் சொட்டக் கூடாது. சுமார் 55 முதல் 60 நாட்களில் குட்டி வெளியே வரும். வெப்பம் கூடினால் முதுகெலும்பு வளைந்த குட்டி பிறக்கலாம், முட்டையிலேயே செத்தும் போகலாம்.

டார்ச் அடித்தால் தெரியும்

இருட்டான அறையில் முட்டையை அசைக்காமல், ஒட்டினாற்போல் டார்ச் அடிக்க வேண்டும். சிவப்பு ரத்த நாளங்கள் வலை மாதிரி தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சிறிதாக, மஞ்சளாக, மெழுகு போல் இறுகி, நாளமே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் கூமுட்டைதான்.

கடைசி வாரங்களில் குட்டி முட்டையை நிறைத்துவிடுவதால் வெறும் இருட்டுதான் தெரியும். அதை மரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

முட்டை ஒடுங்கினால் பயப்படணுமா?

எப்போது ஒடுங்குகிறது என்பதுதான் கேள்வி. ஆரம்பத்திலேயே குழி விழுந்தால் ஈரப்பதம் போதவில்லை என்று அர்த்தம். பொரிப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு ஒடுங்கினால் அது இயல்பு. பூஞ்சை பிடித்த முட்டையும் செத்ததாகத்தான் இருக்கணும் என்றில்லை. துர்நாற்றம், நிறம் மாறிக் கசியும் திரவம் ஆகிய இரண்டும் சேர்ந்தால் அது கெட்டுவிட்டது. பக்கத்து முட்டையோடு ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்கக் கூடாது, நல்ல முட்டையின் ஓடும் கிழிந்துவிடும்.

அவசரப்பட்டு வெட்டாதீர்கள்

குட்டி மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் நீட்டும். பிறகு ஒன்றிரண்டு நாள் உள்ளேயே கிடக்கும். மஞ்சள் கருவின் மிச்சத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அப்போது வெளியே இழுத்தால் ரத்த நாளம் அறுந்து குட்டி செத்துப்போகும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிக்கின. இப்படிக் கடத்தி வரும் உயிர்களுக்குக் கணக்கு வேண்டும் என்பதுதான் சட்டத் திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்கணும். ஆக, முட்டை பொரிந்தால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. குட்டியைக் கணக்கில் சேர்ப்பதும் வளர்ப்பவரின் பொறுப்புதான்.

நம்ம ஊர் நல்ல பாம்பு, சாரைப்பாம்பின் முட்டை தோட்டத்தில் கிடைத்தால்? எடுத்து வந்து பொரிக்க வைக்க அனுமதி இல்லை. தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்வதே சரி.